தங்கச்சி குசினியில் இருந்தால் மட்டும் வேலை முடிகிறது, இது சோம்பலா?

மட்டக்களப்பு எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை இனங்காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறார். கணவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒன்பது வயதில் ஒரு மகன். நான்கு வருடங்களுக்கு முன் இவருக்கு ரூமற்றொயிட் வாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் நீண்டகால வருத்தம்) என்று கண்டுபிடித்தார்கள். கிழமைக்கு ஒருநாள் போடும் மெத்தோட்ரெக்சேட் குளிசையில் இருக்கிறார். இந்த வருடம் மகனை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போன இடத்தில், மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுப்படுத்தக் கடினமான நிலை) என்று சொன்ன வைத்தியர், "அம்மாவையும் ஒருக்காப் பார்க்க வேணும் போல இருக்கு" என்றாராம்.

அவருடைய சொற்களிலேயே ஒரு பகுதி: "தங்கச்சி வந்து திருவலையில குந்தி இருந்து டிக்டொக் பாத்துக்கொண்டு இருப்பா. ஒரு பாதித் தேங்காய் கூடத் திருவித் தரமாட்டா. ஆனா அவ இருந்தா நான் மீனை வெட்டி, கறி வெச்சு, சட்டி கழுவி முடிச்சிருவன். அவ இல்லாத நாள்ல மீன் பையோட கிடக்கும், நான் குசினி வாசல்ல நிப்பன். மடிக்க வேண்டிய உடுப்பு ராவைக்குக் கட்டில்ல இருந்து கதிரைக்குப் போகும், காலமை கதிரையில இருந்து கட்டிலுக்கு வரும். மடிபடாது."

அம்மா ஒரே வளவுக்குள்தான் இருக்கிறா. ஆனால் அவ வந்து நின்றால் இன்னும் மோசமாம். கணவர், "ஆள் இருந்தா ஏலும், தனிய இருந்தா ஏலாது எண்டா அது வருத்தமில்ல, சோம்பல்" என்கிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சி, போன சித்திரை வருடப் பிறப்புக்கு முதல்நாள் மனைவி தங்கச்சியோடு சேர்ந்து வீடு முழுக்கக் கழுவி, பலகாரமும் சுட்டு முடித்தது. (அடுத்த மூன்று நாளும் விரல் மடக்க முடியாமல் படுத்தது அந்தச் சாட்சியத்தில் இல்லை.) சனி இரவுகளில் கனடாவில் இருக்கும் பள்ளித் தோழியோடு வட்ஸ்அப் வீடியோவில் பேசாமல் இருவரும் தத்தம் குசினியைத் துப்பரவாக்குவார்கள்; அதுவும் கணவருக்குப் பிடிக்கவில்லை. காரியாலயத்தில், "அமைதியா இருந்து செய்யட்டும்" என்று தனி அறை கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கோவையும் நகர்வதில்லை. ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம், பிறகு திருகோணமலை. "அதுக்கு முதல் இந்தப் பழக்கத்த எப்படி விடுறது?" என்பதுதான் கேள்வி. இடையில் ஒரு வரி: "சில நேரம் நான் இல்லாட்டி இவங்களுக்கு லேசா இருக்கும் எண்டு நினைப்பன்."

அன்புள்ள மகளுக்கு,

அந்த ஒரு வரியை முதலில் எடுக்கிறேன். நீங்கள் அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் மீன் கறிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. களைப்பில் வந்து போகும் நினைப்பாக இருக்கலாம். நீண்டகால மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது அரிதும் அல்ல. அந்த நினைப்பு அடிக்கடி வந்தால், அல்லது சாவதைப் பற்றியதாக மாறினால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவருக்காவது அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். தங்கச்சிக்கு என்றால் இன்றைக்கே சொல்லலாம்.

இனி சோம்பல். சோம்பல் உள்ளவர் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் படுப்பார், நித்திரையும் நன்றாக வரும். நீங்கள் மீன் பையைப் பார்த்தபடி வாசலில் நின்று உங்களையே ஏசிக்கொண்டிருக்கிறீர்கள். வேலையும் நடக்கவில்லை, ஓய்வும் இல்லை. செய்ய விருப்பம் இருக்கிறது, எப்படிச் செய்வது என்றும் தெரியும். முதல் அடி மட்டும் எழும்பவில்லை. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் பலர் சொல்வது இதைத்தான். அது கவனமே இல்லாத நிலை அல்ல. கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்ப முடியாத நிலை. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது அந்தத் திருப்பம் இலகுவாகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் மத்தியில் பொடி டபிளிங் என்று இதற்குப் பெயரே உண்டு. தோழியோடு நீங்கள் சனி இரவு செய்வதை உலகம் முழுக்கப் பலர் தெரிந்தே செய்கிறார்கள்.

அளவோடும் சொல்ல வேண்டும். மருந்துகளுக்கு இருப்பது போன்ற ஆய்வு ஆதாரம் இந்த முறைக்கு இல்லை. இதைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி செய்து பார்த்தவர்களின் அனுபவம்தான். ஆனால் பக்கத்தில் ஆள் இருப்பது மனிதரின் வேலையை மாற்றுகிறது என்பது பழைய செய்தி. 1898இலேயே நோர்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர், சைக்கிள் ஓட்டுபவர்கள் தனியே ஓடுவதைவிட மற்றவர்களோடு ஓடும்போது வேகமாக ஓடுவதைக் கவனித்துவிட்டு, சிறுவர்களைத் தூண்டில் நூல் சுற்ற வைத்துச் சோதித்தார். பலருக்கு வேகம் கூடியது. சிலருக்குக் குறைந்தது. அந்தச் சிலரை நினைவில் வைத்திருங்கள். உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

"தனியச் செய்யப் பழக வேணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் தனியே செய்தார்கள்? உங்கள் அம்மம்மா காலத்தில் நெல்லுக் குத்துவதற்கும் பன்பாய் இழைப்பதற்கும் பக்கத்தில் ஆள் இருந்தது. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கப் போனாலும் இன்னொருத்தி நின்றாள். அவர்களில் எத்தனை பேருக்குத் தனியே விட்டால் கை ஓடியிருக்காது என்று யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் வரவில்லை. குழாய்த் தண்ணீரும் காஸ் அடுப்பும் வந்த பிறகுதான் ஒருத்தி காலையிலிருந்து இரவுவரை தனியே குசினிக்குள் நிற்பது வழமையானது. அதற்காகப் பழைய காலத்தைக் கொண்டாடவும் நான் வரவில்லை. அந்தக் கிணற்றடியில் ஊர் வம்பும் ஓடியது. உங்கள் தேவை விசித்திரமானது அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஆகவே விடுகிற யோசனையை விட்டுவிடுவோம்.

தொடங்க ஏலாத நாள், செய்ய ஏலாத நாள்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் சித்திரை வருடப் பிறப்பு. கணவர் அதை உங்களுக்கு ஏலும் என்பதற்குச் சாட்சி என்கிறார். "அண்டைக்கு எல்லாம் ஏலுமா இருந்தது" என்று நீங்களும் சேர்ந்து சொல்கிறீர்கள். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். உங்களிடம் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. ஒன்று உங்களைத் தொடங்க விடாது. மற்றது, தொடங்கிய பிறகு எல்லை தாண்டினால் தண்டிக்கும். பக்கத்துத் துணை முதலாவதற்கு நல்ல மருந்து. இரண்டாவதற்கு அதுவே ஆபத்து. தங்கச்சி இருக்கும் உற்சாகத்தில் வலி பின்னால் போய்விடுகிறது, தொடங்கியதை நிறுத்தவும் உங்களுக்குத் தெரிவதில்லை. அன்று இரவு விரல் வீங்குகிறது. துணை உங்களைத் தொடங்க வைத்தது. நிறுத்த வைக்கவில்லை.

ஆகவே தங்கச்சிக்கு ஒரு வேலை கூட்டிக் கொடுங்கள். அவ தேங்காய் திருவ வேண்டாம், டிக்டொக்கும் பார்க்கட்டும். இருபது நிமிடத்துக்கு போனில் மணி வைத்து, அது அடித்ததும் "அக்கா, இரு" என்று சொல்ல வேண்டும். மீன் பாதி வெட்டியபடி இருந்தாலும் கையைக் கழுவிவிட்டுக் கதிரையில் ஐந்து, பத்து நிமிடம் இருங்கள். வேலை முடிந்ததா என்று பார்த்து நிறுத்துவது உங்களுக்குச் சரிவராது, நேரம் பார்த்து நிறுத்துங்கள். இருபது நிமிடம் என்பது தொடக்கத்துக்கு ஒரு அளவுதான். மறுநாள் காலமை கை எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். முடியுமானால் உயரமான ஸ்டூல் ஒன்றைக் குசினிக்குள் போடுங்கள். வெட்டுவதற்கும் கழுவுவதற்கும் நிற்கத்தான் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

நேரத்தையும் யோசியுங்கள். இந்த வாதத்தில் விடியற்காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கும். காலை ஐந்தரைக்குத் தங்கச்சியை எழுப்பிக் கொண்டுவந்து இருத்தினாலும் விரல்கள் வழிக்கு வராது. பகல் பாசலுக்கான மரக்கறியை முதல்நாள் பின்னேரமே வெட்டி வையுங்கள். துணையையும் பின்னேரத்துக்கு மாற்றுங்கள்.

மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்கள் வேறு கணக்கு. அந்த நாளில் யார் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. உடுப்புப் பிழிவது, தேங்காய் திருவுவது, சோற்றுப் பானையைக் காதில் பிடித்து இறக்குவது மூன்றும் மணிக்கட்டையும் விரல்களையும் நேரே தாக்கும். அப்போது உங்களுக்கு வேண்டியது இன்னொருவருடைய கை. காலையில் உங்களை நீங்களே கேளுங்கள்: இன்று எனக்குத் தொடங்க ஏலாமல் இருக்கிறதா, செய்ய ஏலாமல் இருக்கிறதா? முதலாவதென்றால் "வந்து இரு" என்று சொல்லுங்கள். இரண்டாவதென்றால் "வந்து செய்து தா". இந்த இரண்டையும் நீங்கள் இதுவரை வீட்டாருக்குப் பிரித்துச் சொல்லாததால்தான் கணவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

யார் பக்கத்தில் இருப்பது

டிரிப்லெட்டின் சிறுவர்களில் சிலர் வேகம் குறைந்தார்கள் என்றேன். 1965இல் ரொபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: கைவந்த வேலையை ஆள் முன்னிலையில் நன்றாகச் செய்வோம், கைவராத வேலையில் தடுமாறுவோம். பிறகு வந்தவர்கள், பக்கத்தில் இருப்பவர் நம்மை மதிப்பிடுகிறார் என்ற எண்ணமும் சேர்கிறது என்றார்கள். உங்கள் அம்மா "வெங்காயத்த இப்படியா வெட்டுற புள்ள" என்று கேட்கிறா. தங்கச்சி உங்களைப் பார்ப்பதே இல்லை. தங்கச்சியின் பலம் அதுதான். அம்மாவோடு சண்டை வேண்டாம். அவவுக்குக் கையில் ஒரு வேலை கொடுத்து, முகம் வேறு பக்கம் பார்க்க இருத்திப் பாருங்கள். கீரை ஆய்வதென்றால் விறாந்தையில் இருந்து ஆயலாம், உங்கள் காதுக்கு அவ சத்தம் கேட்டால் போதும். அதுவும் சரிவராவிட்டால் அம்மாவை உடுப்புப் பிழியும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்து சூடாகிறது. அவர் பகல் முழுக்கக் கடையில் நின்று வேலை செய்துவிட்டு வருகிறார். ஆள் இருந்தால் ஓடுகிற கை தனியே இருந்தால் ஏன் ஓடவில்லை என்பது அவருக்கு உண்மையிலேயே விளங்காத கேள்வியாக இருக்கலாம். அவரிடம் வருத்தத்தின் பெயரைச் சொல்லி வாதாடாதீர்கள், ஒரு வசனம் கேளுங்கள்: "எனக்குச் செய்து தர வேண்டாம், நான் முடிக்கும்வரை உங்கட பில் கணக்கோட இந்த மேசையில இருங்க." கடைக் கணக்கை அவர் எப்படியும் எழுதத்தானே வேண்டும். வீடியோ விடயத்தில் மட்டும் நான் பாதி அவர் பக்கம். அவர் சாரத்தோடு குறுக்கே போவதெல்லாம் கனடாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. கமராவை சிங்க் பக்கம் திருப்பி வையுங்கள், அல்லது குரல் அழைப்பே போதும். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து வேலை செய்யும் இணையக் குழுக்களும் இருக்கின்றன. அங்கே போனால் முகவரி, பிள்ளையின் முகம், வேலையிடம் மூன்றையும் காட்டாதீர்கள்.

மகன் பாடம் செய்யும் மேசையில் நீங்கள் இருந்து உடுப்பு மடிப்பது இருவருக்கும் உதவும், அவனுக்கும் பக்கத்தில் ஆள் தேவை. ஆனால் உங்களை நிறுத்தும் பொறுப்பையும், "அம்மா தொடங்கினாவா" என்று பார்க்கும் பொறுப்பையும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

காரியாலயத்துத் தனி அறை

உங்களுக்கு அந்த அறையைக் கொடுத்தவர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறார். வாதம் உள்ளவருக்கு அமைதி நல்லது என்று நினைத்திருப்பார். வருத்தத்தைச் சொன்னால் வேலை போய்விடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நிரந்தர நியமனத்தில் இருப்பவரை ஒரு நோயின் பெயரைச் சொன்னதற்காக மட்டும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதே நேரம் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் நினைக்காதீர்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலைக்கு ஆட்சேர்ப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது. உங்களை எந்த மேசையில் இருத்த வேண்டும் என்று அதில் இல்லை. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், வேலையிடத்தில் நியாயமான ஒழுங்குகளைச் செய்துகொடுக்கச் சொல்கிறது. ஆனால் நம் நாட்டில் சமவாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குப் பேசுவது கடினம். உண்மையிலேயே பாகுபாடு நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. இப்போது அங்கே போகும் கட்டம் வரவில்லை.

மேலதிகாரியிடம் ஏ.டி.எச்.டி. பற்றிப் பேசவே வேண்டாம். அது இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானாலும் சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். வேலையை வைத்துக் கேளுங்கள்: "சேர், ரெண்டு கிழமைக்கு என்னைப் பொது மண்டபத்தில மற்ற உத்தியோகத்தர்களோட இருத்திப் பாருங்க. எத்தனை கோவை முடியுது எண்டு பாத்துட்டு முடிவு எடுப்பம்." முடிந்த கோவைகளைக் குறித்து வையுங்கள், அதைவிட நல்ல மருத்துவச் சான்றிதழ் கிடையாது. கதிரை மாற்றுவது, பாரமான கோவைக்கட்டுத் தூக்காமல் இருப்பது போன்றவற்றுக்கு மட்டும் வாதக் கிளினிக்கில் ஒரு கடிதம் எடுத்துக் கொடுங்கள்.

கிளினிக்கில்

ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைப் பருவத்தில் தொடங்குகிறது என்பது சரி, பலருக்கு அது பெரியவர்களானாலும் தொடர்கிறது. குடும்பத்துக்குள் ஓடுவதும் அதிகம். துள்ளித் திரியாமல் கனவு கண்டுகொண்டிருந்த பெண்பிள்ளைகளை "மறதிக்காரி" என்று சொல்லிவிட்டுவிட்டார்கள், அவர்களில் பலர் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்த இடத்தில்தான் பிடிபடுகிறார்கள். நீங்கள் தொடங்க ஏலாமல் நிற்பதை மட்டும் வைத்து நான் ஏ.டி.எச்.டி. என்று முடிவு சொல்ல முடியாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று வைத்தியர் கேட்பார். பழைய பள்ளித் தேர்ச்சி அறிக்கை இருந்தால் கொண்டு போங்கள். 2004 சுனாமியில் எல்லாம் போயிருந்தால் அம்மாவைக் கூட்டிப் போங்கள். குறை சொல்லும் அம்மாவின் ஞாபகம் இந்த இடத்தில் பெரிய உதவி.

இரத்தக் குறைவும் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வும் இதே மாதிரித்தான் களைப்பையும் மறதியையும் தரும், முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏ.டி.எச்.டி.தான் என்றால் மருந்துகள் உண்டு. உங்கள் இரண்டு கிளினிக் கொப்பிகளையும் இரண்டு வைத்தியர்களும் பார்க்க வேண்டும்.

நான் வைத்தியர் அல்ல. ஆனாலும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிழமைக் குளிசையைப் போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் மறந்துபோனதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. தவறுதலாக அடிக்கடி போட்டால் எலும்பு மச்சையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். போட்டேனா என்று சந்தேகம் வந்தால் திரும்பப் போடாதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்தக் குளிசை கூடாது என்பதால் இன்னொரு பிள்ளை யோசனை இருந்தால் முதலே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆள் துணை கட்டாயம் தேவைப்படும் வேலை உங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். குறித்த நாளில் குறித்த நேரத்தில் கணவர் முன்னால் போட்டுவிட்டு, கலண்டரில் அவர் கையால் கோடு போடட்டும்.

தங்கச்சி போகும் விடயம். நம் பக்கத்து வழமைப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். உத்தியோகம் அதை மாற்றிவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆவணிக்கு முதல் தனிமையைப் பழகாமல் இரண்டாவது, மூன்றாவது ஆளைப் பழகுங்கள். முன் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே. பொத்தான் தைப்பது, காஜா எடுப்பது போன்ற கைவேலையோடு கிழமைக்கு ஒரு பின்னேரம் வந்து இருக்கச் சொல்லிக் கேட்கலாம், தேத்தண்ணி உங்கள் செலவு. முதல் சில தடவை தங்கச்சியும் கூட இருக்கட்டும், அந்த "அக்கா, இரு" எப்போது சொல்வது என்று அவவே காட்டிக் கொடுப்பா. திருகோணமலைக்குப் போன பிறகு கிழமையில் ஒரு நாள் போனில் வருவதென்றும் இப்போதே கதைத்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கலியாண வேலை தொடங்கிவிட்டால் அவவைப் பிடிக்க முடியாது.